எந்தப் பக்கம் இடது?

ஆமை என்றால் மெதுவாகப் போக வேண்டும். நில் என்றால் நிற்கவும் வேண்டும். பெர்னார்ட்டின் ஆமையோ, அந்த வெள்ளிக்கிழமை காலையில் நிற்க மறுத்துவிட்டது.

ஆமை என்பது ஒரு மகிழுந்தின் பெயர். பச்சை நிறமும் வளைந்த முதுகும் கொண்ட பழைய மோரிஸ் மைனர் அது. ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்குக்கு அப்பால் ஒரு மேட்டின் மேல், முன்னாள் இரப்பர் தோட்டத்தின் லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு முன்னால் அது நிற்கும். தோட்டத்தை முதலாளி துண்டு துண்டாக விற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. லயங்களில் எஞ்சியிருந்தவர்கள் இப்போது பட்டணத்துத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்தார்கள்.

பெர்னார்ட் ஜெலாப்பாங்கில் உள்ள ஒரு பட்டறையில் இரும்பைக் கடைந்து உருவாக்கும் வேலை பார்த்தார். நாள்தோறும் வேலைக்குப் போகும் வழியில் நான்கு பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவார். அவருடைய மகள் ஐவி ஒருத்தி. அடுத்த வீட்டுச் செல்லாயி ஒருத்தி. மற்ற இருவரும் லோரி ஓட்டுநர் பத்துமலையின் மகன்கள்.

1979ஆம் ஆண்டின் ஒரு வார விடுமுறைக்கு முந்திய கடைசிப் பள்ளி நாள் அது. விடியும்போதே மழை கொட்டியது. மேட்டுச் சரிவின் நடுவில் வாய்க்கால் நிரம்பி, சாலையின் குறுக்கே முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஆமை அதில் இறங்கி ஏறியது. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு கைதட்டினார்கள்.

சரிவின் அடியில் பெரிய சாலை குறுக்கிடும். அங்கே பெர்னார்ட் பிரேக்கை மிதித்தார். ஆமை நிற்கவில்லை. மறுபடியும் மிதித்தார். ஆமை பெரிய சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறத்து லாலான் புல்லுக்குள் புகுந்து, இருமிவிட்டு அடங்கியது. அடுத்த நொடியே, மரக்கட்டை ஏற்றிய லோரி ஒன்று அவர்களுக்குப் பின்னால் நீண்ட ஒலி எழுப்பிக்கொண்டு பறந்தது.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பத்துமலையின் சின்ன மகன், இன்னொரு முறை அப்படிப் போகலாமா என்று கேட்டான். ஆனால் ஐவி தன் அப்பாவின் கைகளைப் பார்த்தாள். அவை சுக்கானை இன்னும் விடவில்லை.

செய்தி மேட்டுக்கு ஏறி வர அதிக நேரம் ஆகவில்லை. அன்று மாலையே செல்லாயியின் அம்மா காளியம்மா வந்து, பெர்னார்ட்டின் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னபோதும் வரவில்லை.

"அண்ணே, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. காடி மேலதான் கோவம்" என்று ஆமையைக் காட்டிச் சொன்னார். "பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள அது நிக்கக் கத்துக்கிட்டா, செல்லாயி ஏறுவா. இல்லாட்டி ஆயர் தாவாருல என் தங்கச்சி வீட்டுல தங்கிப் படிக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கி தங்கச்சி வீட்டுக்காரரு மோட்டார் சைக்கிள்ல வந்து கூட்டிட்டுப் போயிருவாரு."

கதவுக்குப் பின்னால் நின்ற ஐவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐவியும் செல்லாயியும் முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை ஒரே மேசையில் அமர்ந்தவர்கள். செல்லாயிக்குக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு. கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டாவது வரியில் பென்சிலைக் கடிக்கத் தொடங்கிவிடுவாள். ஐவி கட்டுரையைப் பக்கம் பக்கமாக எழுதுவாள்; பின்னக் கணக்கைக் கண்டால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். இருவரையும் சேர்த்துத் தைத்தால்தான் ஒரு முழு மாணவி கிடைப்பாள் என்று ஆசிரியர் கேலி செய்வார். இப்போது அந்தத் தையலைப் பிரிக்க ஒரு மோட்டார் சைக்கிள் வரப்போகிறது.

ஆமை ஏன் நிற்கவில்லை என்று ஐவி அப்பாவிடம் கேட்டாள். பெர்னார்ட் அடுக்களையிலிருந்து ஒரு பானையை எடுத்து வந்து, அதற்குள் இரு கைகளையும் விட்டு, உட்புறச் சுவரில் அழுத்திக் காட்டினார். டிரம் பிரேக்கு இப்படித்தான் வேலை செய்கிறது என்றார். சக்கரத்தோடு சேர்ந்து பானை சுற்றும். உள்ளேயிருக்கும் இரண்டு கட்டைகள் விரிந்து அதை அழுத்தி நிறுத்தும். பானைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், காயும்வரை கட்டைகள் வழுக்கும்.

சோறு வடிக்க வேண்டும் என்று சொல்லி, ஐவியின் அம்மா எல்ஸி பானையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெர்னார்ட் தம் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினார். சுழலும் வளையத்தை இரண்டு விரல்களால் இருபுறமும் கவ்வினார். சக்கரம் உடனே நின்றது. இது டிஸ்க் பிரேக்கு என்றார். பானை இல்லை, வெளியே தெரியும் வட்டுதான். அதை ஒரு கவ்வி இரு பக்கமும் பிடிக்கும். தண்ணீர் பட்டாலும் வட்டு சுழன்று அதை வீசி எறிந்துவிடும். புதிய மகிழுந்துகளில் அதுதான் இருக்கிறது.

"நம்ம காடிக்கும் போடலாமாப்பா?" என்று கேட்டாள் ஐவி.

"போடலாம். சாமான் கெடைக்கணுமே."

சாமான் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, காளியம்மாவேதான்.

தோட்டம் விற்கப்படும் வரை காளியம்மா, கித்தா என்று அங்கே சொல்லும் இரப்பர் மரங்களில் பால்வெட்டும் தொழிலாளியாக இருந்தவர். இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் இரும்பை வகைபிரிக்கும் வேலை பார்த்தார். செவ்வாய்க்கிழமை மாலை, தம் மிதிவண்டியின் பின்னால் ஒரு கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு மேடு ஏறி வந்து, அதைப் பெர்னார்ட்டின் வாசலில் தொப்பென்று போட்டார். உள்ளே இரண்டு வட்டுகளும் இரண்டு கவ்விகளும் இருந்தன. பின்பக்கம் நசுங்கிக் கடைக்கு வந்த ஒரு மகிழுந்தின் முன்சக்கரங்களிலிருந்து, அவரே அருகில் நின்று கழற்றச் செய்தவை.

"கட மொதலாளி தவுக்கே கிட்ட சொல்லி வாங்கியாந்தேன். இந்தக் காடி நிக்கும்னு எனக்கு நம்பிக்க இல்ல. ஆனா, எம்புள்ளய அனுப்பிட்டு இருக்கவும் மனசு இல்ல" என்றார் காளியம்மா. பிறகு கவ்விகளைச் சுட்டிக் காட்டினார். "மாத்திப் போட்டுறாதீங்க அண்ணே. எது எந்தப் பக்கம்னு சுண்ணக்கட்டியில எழுதியிருக்கேன்."

ஒரு கவ்வியில் 'இ' என்றும் மற்றொன்றில் 'வ' என்றும் வெள்ளையாக எழுதியிருந்தது. இடது, வலது. எழுத்துகள் முத்து முத்தாக இருந்தன.

மறுநாள் முதல் பெர்னார்ட் பட்டறையில் மதிய உணவு நேரத்தில் மேற்பார்வையாளரின் அனுமதியோடு இரண்டு தடித்த இரும்புத் தகடுகளை அறுத்துத் துளையிட்டார். கவ்விகளை ஆமையின் அச்சோடு இணைக்கும் தாங்கிகள் அவை. வெள்ளிக்கிழமை மாலை அவற்றைச் செய்து முடித்துவிட்டார். தாங்கிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து, பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் இருக்கிறது என்று எல்ஸி சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் பத்துமலை கையைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆமையின் முன்பக்கத்தை மரக்கட்டைகளின் மேல் ஏற்றினார்கள். பழைய பானைகளைக் கழற்றினார்கள். வட்டுகளை மாட்டினார்கள். 'இ' என்ற கவ்வியை இடப்பக்கமும், 'வ' என்ற கவ்வியை வலப்பக்கமும் பொருத்தினார்கள். எல்லாம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தின.

இனிமேல் மீதமிருந்தது ஒரே வேலை. பிரேக்குக் குழாய்களில் எண்ணெய் நிறைந்திருக்க வேண்டும். ஒரு துளிக் காற்றுகூட இருக்கக் கூடாது. காற்று இருந்தால், பிரேக்கை மிதிக்கும்போது காற்று நசுங்கும், சக்கரம் நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்றுவதற்கு ஒவ்வொரு கவ்வியிலும் ஒரு சிறிய முனை உண்டு. பத்துமலை அந்த முனையில் ஒரு மெல்லிய வெண்ணிறக் குழாயை மாட்டி, குழாயின் மறுநுனியை எண்ணெய் ஊற்றிய போத்தலுக்குள் விட்டார். ஐவி ஓட்டுநர் இருக்கையின் விளிம்பில் அமர்ந்து, காலை எட்டிப் பிரேக்கின்மேல் வைத்தாள்.

"அமுக்கு" என்பார் பெர்னார்ட். ஐவி அமுக்குவாள். "புடி" என்பார். ஐவி காலை எடுக்காமல் இருப்பாள். அவர் முனையைத் திறந்து மூடுவார். "விடு" என்பார். ஐவி காலை எடுப்பாள்.

முதலில் போத்தலில் குமிழிகள் பொங்கின. பிறகு குறைந்தன. பிறகு நின்றன, தெளிந்த எண்ணெய் மட்டுமே வந்தது. பெர்னார்ட் மகிழ்ச்சியோடு முனையை இறுக்கிவிட்டு, மிதித்துப் பார்க்கச் சொன்னார்.

ஐவி மிதித்தாள். ஊறிய இட்லியை மிதிப்பது போல் இருந்தது. கால் தரைவரை போய் முட்டியது.

மறுபடியும் தொடங்கினார்கள். அமுக்கு, புடி, விடு. இந்தச் சக்கரத்தில் பத்து முறை, அந்தச் சக்கரத்தில் பத்து முறை. ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் இட்லி இட்லியாகவே இருந்தது. நண்பகல் கடந்தது. ஐவியின் கால் மரத்துப்போனது. அவள் மறுகாலை வைத்து மிதித்தாள்.

"ஆங்கின் எல்லாம் வந்திருச்சிலா மச்சான்" என்றார் பத்துமலை. காற்றைத்தான் அவர் மலாயில் அப்படிச் சொல்வார். "உள்ள இருந்தா வெளிய வரணும்ல. வரல. அப்ப, இல்லனுதான் அர்த்தம்."

காற்று இல்லையென்றால் பிரேக்கு பிடிக்க வேண்டும் அல்லவா? பெர்னார்ட் சக்கரங்களை மாட்டி, வாசலில் நான்கடி தூரம் ஓட்டிப் பார்த்தார். ஆமை நிற்காமல் போய்த் துணி காயும் கம்பத்தில் இடித்தது. எல்ஸி துவைத்துப் போட்டிருந்த படுக்கை விரிப்பு, ஆமையின் முகத்தை மூடியது. வேறு நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

பெர்னார்ட் விரிப்பை எடுத்து மடித்தார். வெகுநேரம் அதையே மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கிப் பழசையே திருப்பி மாட்டிருவோம்" என்றார் கடைசியாக. ஐவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெர்னார்ட்டின் குடும்பம் பேருந்தில் ஈப்போவுக்குத் தேவாலயம் சென்றது. திரும்பும்போது எல்ஸி ஐவிக்கு ஒரு பை சீராப்பு வாங்கிக் கொடுத்தார். பிளாஸ்டிக் பையில் சிவப்புச் சாறும் பனிக்கட்டியும் போட்டு, வாயை நாரால் இறுக்கிக் கட்டி, அதன் வழியே ஓர் உறிஞ்சு குழலைச் செருகிக் கொடுப்பார்களே, அதுதான். ஐவி பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டாள். பேருந்திலும், பிறகு மேடு ஏறும் இரண்டு மைல் நடையிலும், பையைச் சிந்தாமல் தூக்கிவந்தாள். மாலையில் ஆயர் தாவாருக்குப் போகப்போகிறவளுக்கு வேறு என்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செல்லாயி தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் அருகருகே அமர்ந்தார்கள். பனிக்கட்டி முழுவதும் கரைந்திருந்தது.

"ஆயர் தாவாரு பள்ளிக்கூடத்துல ஒனக்குக் கட்டுர யாரு எழுதிக் குடுப்பா?" என்று கேட்டாள் ஐவி.

"ஒனக்குக் கணக்கு யாரு போட்டுத் தருவா?" என்று திருப்பிக் கேட்டாள் செல்லாயி.

செல்லாயி சீராப்பை உறிஞ்சினாள். பிறகு, தோழியைச் சிரிக்க வைக்க எண்ணினாளோ என்னவோ, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, முகத்தை மேலே தூக்கி, கீழிருந்து குழலை உறிஞ்சினாள். 'புர்ர்ர்' என்று ஒரு பெரிய ஓசை எழுந்தது. எருமை தண்ணீர் குடிப்பது போன்ற ஓசை. இரண்டு சொட்டுச் சீராப்பு அவளுடைய கவுனில் விழுந்தது.

ஐவி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"இன்னொரு தடவ செய்."

"என்னது?"

"மொதல்ல நேரா வெச்சி உறிஞ்சு. அப்புறம் கவுத்து உறிஞ்சு."

செல்லாயி நேராக வைத்து உறிஞ்சினாள். சீராப்பு மட்டுமே வந்தது. பைக்குள் இருந்த காற்று மேலே, நார்க் கட்டுக்குக் கீழே, அசையாமல் உட்கார்ந்திருந்தது. கவிழ்த்து உறிஞ்சினாள். இப்போது குழலின் நுனி மேலே காற்றுக்குள் இருந்தது. 'புர்ர்ர்.'

"காத்து எப்பவும் மேலதான் போகும்" என்று மெல்லச் சொன்னாள் ஐவி. "குழா நுனி கீழ இருந்தா, எவ்வளவு உறிஞ்சுனாலும் தண்ணிதான் வரும். காத்து உள்ளயே இருக்கும்."

அவள் எழுந்து ஓடினாள். என்ன ஏது என்று புரியாமலே செல்லாயியும் பையோடு பின்னால் ஓடினாள்.

பெர்னார்ட்டும் பத்துமலையும் பழைய பானைகளைத் திருப்பி மாட்டுவதற்காக ஆமையை மறுபடியும் கட்டையில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றியிருந்தார்கள். ஐவி மண்ணில் மண்டியிட்டுக் கவ்வியைப் பார்த்தாள். காற்று வெளியேறும் முனை, கவ்வியின் அடிப்பகுதியில் இருந்தது. மறுபக்கம் ஓடிப் பார்த்தாள். அங்கேயும் அடியில்தான் இருந்தது.

அவள் அப்பாவை அழைத்து, சீராப்புப் பையைக் கையில் வாங்கி, நேராகவும் கவிழ்த்தும் உறிஞ்சிக் காட்டினாள். பெர்னார்ட் பையைப் பார்த்தார். முனையைப் பார்த்தார். மறுபடியும் பையைப் பார்த்தார்.

"பழைய பிரேக்குல இந்தத் தொல்ல இல்ல. அதனால நான் பாக்கவே இல்ல" என்றார் மெதுவாக. "காத்து மேல மாட்டிக்கிட்டு இருக்கு. நாம நேத்து பூரா கீழ இருந்த எண்ணெயத்தான் எடுத்துக்கிட்டு இருந்திருக்கோம்."

இடப்பக்கக் கவ்வியை வலப்பக்கம் மாட்டினால் முனை மேலே வந்துவிடும். இடது காலின் சிலிப்பரை வலது காலில் போட்டதுபோல், இரண்டும் இடம் மாறியிருந்தன. செல்லாயி குனிந்து தன் சிலிப்பர்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

ஆனால் அங்கேதான் ஒரு சிக்கல் இருந்தது. இடப்பக்கம் இருந்த கவ்வியில் 'இ' என்றுதான் எழுதியிருந்தது.

பத்துமலை வாய்விட்டுச் சிரித்தார். "எழுதுனவங்களுக்கே எது இடது கை, எது சோத்துக் கைன்னு தெரியல போல. காளிம்மாவ வெச்சிக்கிட்டு டிஸ்க் பிரேக்கு போட்டா இப்படித்தான்லா ஆகும் மச்சான்."

அவருக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மகளை அழைத்துப் போக வந்த காளியம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். பத்துமலையின் சிரிப்பு, சட்டைப் பைக்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடியது.

"இருவது வருசம் கித்தா மரம் வெட்டுனவ நான்" என்றார் காளியம்மா. குரல் உயரவில்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது. "ஒரு நாளைக்கி நானூறு மரம். இடதுல ஒசத்தி, வலதுல தாழ்த்திக் கோடு போடணும். ஒரு மரத்துலயாவது மாத்தி வெட்டிட்டேன்னு கங்காணி சொன்னது இல்ல. செல்லாயி, வா போலாம். சித்தப்பா வாரதுக்குள்ள துணிமணி எடுத்து வெக்கணும்."

அவர் மகளின் கையைப் பற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். செல்லாயி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். பத்துமலை தம் கால் கட்டைவிரலைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இருவரும் வேலிவரை போய்விட்டார்கள். ஐவி நினைத்துப் பார்த்தாள். அந்த எழுத்துகள் அவசரத்தில் கிறுக்கியவை அல்ல. முத்து முத்தாக எழுதியவை. அப்படி எழுதியவர் தவறாக எழுதியிருப்பாரா? அவள் ஓடிப்போய் காளியம்மாவின் முன்னால் நின்றாள்.

"அத்தே, நீங்க தப்பா எழுதியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். அன்னிக்கிக் கடையில எந்த எடத்துல நின்னு எழுதுனீங்க? அதே மாரி இங்க வந்து ஒரு தடவ நில்லுங்க அத்தே."

காளியம்மா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, ஆமைக்கு முன்னால், அதன் முகத்தைப் பார்த்தபடி, கால்களை அகட்டி நின்றார். ஒரு மரத்தின் முன் நிற்பவரைப்போல் நின்றார்.

"இப்படித்தான் நின்னேன்" என்று சொல்லி இடது கையை நீட்டினார். "இது இடது."

அவர் கை காட்டியது, ஆமையின் சுக்கான் இருந்த பக்கத்தை.

பெர்னார்ட் அதே சுக்கானுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து தம் இடது கையை நீட்டினார். அது நேர் எதிர்ப் பக்கத்தைக் காட்டியது.

ஐவி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அத்தே மரத்தப் பாத்து நிக்கிற மாரி காடியப் பாத்து நின்னாங்க. அப்பா ரோட்டப் பாத்து உக்காந்திருந்தாரு. ரெண்டு பேரும் சொன்னது சரிதான்."

"பின்ன என்ன" என்றார் காளியம்மா. "மரத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு யாராச்சும் பால் வெட்டுவாங்களா?"

"நான்கூட ஒரு நாளும் லோரியோட மூஞ்சியப் பாத்துக்கிட்டு லோரி ஓட்டுனது இல்ல" என்றார் பத்துமலை தாழ்ந்த குரலில். காளியம்மாவின் உதடுகள் கொஞ்சம் அசைந்தன. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என்று பத்துமலை முடிவு செய்தார். அவசரமாக மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

பெர்னார்ட் கீழே இறங்கிவந்தார். "மாட்டுறதுக்கு முன்ன ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும் காளிம்மா. என் தப்புதான்."

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. மணி மூணு ஆச்சி. மாத்தி மாட்டுங்க."

கவ்விகள் இடம் மாறின. இப்போது இரண்டு முனைகளும் மேலே பார்த்தன. ஐவி இருக்கையின் விளிம்பில் அமர்ந்து காலை நீட்டினாள். போத்தலைப் பிடிக்கும் வேலையைச் செல்லாயி ஏற்றுக்கொண்டாள்.

அமுக்கு. புடி.

போத்தல் பொங்கியது. குட்டிக் குமிழிகளும் கோலிக் குண்டு போன்ற குமிழிகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. செல்லாயி எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தாறுக்குமேல் அவளாலும் எண்ண முடியவில்லை. மறுபக்கமும் அப்படியே. கடைசிக் குமிழி வெளியேறிய பிறகு, பெர்னார்ட் முனையை இறுக்கிவிட்டு ஐவியைப் பார்த்தார்.

ஐவி மிதித்தாள். பிரேக்கு விரல் அளவு இறங்கி, பாறையைப்போல் நின்றது. அவள் எழுந்து நின்று முழு எடையையும் போட்டு மிதித்தாள். பாறை அசையவில்லை.

"இட்லி இல்லப்பா" என்றாள்.

பெர்னார்ட் முதலில் தனியாகச் சமதரையில் ஓட்டிப் பார்த்தார். ஒருமுறை அல்ல, ஆறு முறை. ஆறு முறையும் ஆமை நினைத்த இடத்தில் நின்றது. ஆனால் காளியம்மா தலையை ஆட்டினார். காய்ந்த மண்ணில் எந்தக் காடியும் நிற்கும் என்றார். ஐவியின் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் வாளியை நிரப்பிவந்து, முன்சக்கரங்களின்மேல் ஊற்றினார். ஒரு வாளி, இரண்டு வாளி, நான்கு வாளி. பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, கதவைச் சாத்தினார்.

"இப்பப் போங்க அண்ணே. கீழ சாலை வரைக்கும்."

செல்லாயியும் ஏற முயன்றாள். முதலில் அம்மா போய்ப் பார்க்கட்டும், பிறகு நீ என்று காளியம்மா தடுத்துவிட்டார்.

ஆமை சரிவில் இறங்கியது. மேட்டின் விளிம்பில் ஐவியும் செல்லாயியும் கைகோத்து நின்றார்கள். ஒருத்தியின் நகம் மற்றவளின் கையில் பதிந்திருந்தது. இருவருக்கும் அது தெரியவில்லை. பச்சை முதுகு சிறிதாகிக்கொண்டே போனது. வாய்க்கால் இன்னும் வற்றவில்லை. ஆமை அதில் இறங்கி, தண்ணீரை இருபுறமும் சிதறடித்து ஏறியது. அதற்குப் பிறகு சரிவு செங்குத்தாகும். கீழே, பெரிய சாலையில் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது.

ஆமையின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்தன.

ஆமை நின்றது. சந்திப்புக்கு இருபதடி முன்னாலேயே, நின்றேன் பார் என்பதுபோல் நின்றது. பேருந்து அதன் முன்னால் அமைதியாகக் கடந்து போயிற்று. விளக்குகள் அணைந்தன, ஆமை கொஞ்சம் நகர்ந்தது, மறுபடியும் விளக்குகள் எரிந்தன. நகர்ந்தது, நின்றது. நகர்ந்தது, நின்றது.

"எங்கம்மா சோதிக்கிறாங்க" என்றாள் செல்லாயி.

பெரிய சாலையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பி, ஆமையின் அருகில் நின்றது. செல்லாயியின் சித்தப்பா இராமசாமி வந்துவிட்டார். ஆமை திரும்பி மேட்டில் ஏற, மோட்டார் சைக்கிள் அதற்குப் பின்னால் ஏறியது. எது எதைக் கூட்டிவருகிறது என்று ஐவியால் சொல்ல முடியவில்லை.

காளியம்மா கதவைத் திறந்து நிதானமாக இறங்கினார். சேலையை உதறிச் சரிசெய்தார். எல்லாரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நாளைக்கிக் காலையில எத்தன மணிக்கிக் கெளம்புவீங்க?" என்று கேட்டார்.

பெர்னார்ட் வாயைத் திறப்பதற்குள், "ஆறரைக்கி, அத்தே" என்றாள் ஐவி.

"சரி. ஆறே காலுக்கெல்லாம் இவ இங்க நிப்பா."

ஆயர் தாவாரிலிருந்து அவ்வளவு தூரம் வந்ததற்கு இராமசாமி சித்தப்பாவுக்குக் குடிக்க ஒரு குவளை கொப்பியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கிடைத்தன. வீணாக அலைந்தேனே என்று அவர் முணுமுணுத்தார். ஆனால் தண்ணீரில் இறங்கி வந்தும் பிரேக்கு எப்படிப் பிடிக்கிறது என்று பெர்னார்ட்டிடம் மூன்று முறை கேட்டார். போகும்போது, தம் மோட்டார் சைக்கிளின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை ஆறே காலுக்குச் செல்லாயி வாசலில் நிற்கவில்லை. ஆறு மணிக்கே வந்து, ஆமையின் பின்னிருக்கையில் ஏறி, ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தள்ளி உக்காருடி" என்றாள் ஐவி.

செல்லாயி நகரவில்லை. ஐவி தன் புத்தகப் பையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, அவளை ஒட்டி நெருக்கி உட்கார்ந்துகொண்டாள்.